மூன்று இரவுக்கு எந்த ஊர்: நேப்பிள்ஸா, பலெர்மோவா, வலெட்டாவா?

நீண்ட வார இறுதி ஒன்று வாய்த்திருக்கிறது. வெள்ளி காலை கிளம்பி திங்கள் இரவு வீடு திரும்ப வேண்டும். மத்தியதரைக் கடலோரத்தில் பழைய ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாமே என்று பேச்செடுத்தால் ரோம், ஏதென்ஸ், பார்சிலோனா, துப்ரோவ்னிக் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். ரோமுக்கு மூன்று இரவு போதாது; வாட்டிகன் அருங்காட்சியகம் மட்டுமே ஒரு நாளை விழுங்கிவிடும். துப்ரோவ்னிக்கின் மதிலுக்குள் கோடைப் பகலில் கப்பல் பயணிகளின் நெரிசல் தாங்காது. ஏதென்ஸும் பார்சிலோனாவும் பரந்து விரிந்த பெருநகரங்கள், மெட்ரோவில் ஏறி இறங்கியே நேரம் போகும்.

இவற்றை விட்டுவிட்டு மூன்று ஊர்களை இங்கே எடை போடுகிறேன்: இத்தாலியின் நேப்பிள்ஸ், சிசிலித் தீவின் பலெர்மோ, மால்ட்டாவின் தலைநகர் வலெட்டா. மூன்றும் ஒரே கடல்வெளியைச் சேர்ந்தவை, வரலாறும் பின்னிப் பிணைந்தது. நேப்பிள்ஸையும் சிசிலியையும் ஸ்பானிய மன்னர்கள் நெடுங்காலம் ஆண்டார்கள். அவர்களில் ஒருவரான ஐந்தாம் சார்லஸ்தான் 1530-இல் மால்ட்டாவைப் புனித யோவான் சபையின் வீரத்துறவிகளுக்குக் கொடுத்தார். அதற்குத் திறை ஆண்டுக்கு ஒரு வல்லூறு. ஓவியர் கரவாஜ்ஜோ 1606-இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடியபோது நேப்பிள்ஸ், மால்ட்டா, சிசிலி என்று இந்தப் பகுதியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார். ஆகவே எந்த ஊரைத் தேர்ந்தாலும் நல்ல ஊர்தான். கேள்வி, கையில் இருக்கும் நேரத்துக்கு எது பொருந்தும் என்பது.

மூன்று இரவு என்றால் நான்கு நாள் போலத் தோன்றும். வந்திறங்கும் நாளில் பாதியும் கிளம்பும் நாளில் பாதியும் விமான நிலையத்துக்கே போய்விடும். மிஞ்சுவது இரண்டு முழு நாட்கள். ஒரு ஊரின் மிகச் சிறந்தவற்றை அந்த இரண்டு நாளில், பெரும்பாலும் நடந்தே, ஓட்டமும் பரபரப்பும் இல்லாமல் பார்க்க முடியுமா என்பதுதான் என் அளவுகோல். அந்த அளவுகோலில் என் தேர்வு பலெர்மோ. மற்ற இரண்டையும் விரும்பாமல் சொல்வதில்லை. நேப்பிள்ஸ்மீது எனக்குப் பலெர்மோவைவிடப் பற்று அதிகம் என்றுகூடச் சொல்லலாம், அதனால்தான் அதை மூன்று இரவில் பார்க்காதீர்கள் என்கிறேன்.

நேப்பிள்ஸ்: ஐந்து இரவு கேட்கும் ஊர்

நேப்பிள்ஸின் பழைய நகரம் கிரேக்கர்கள் போட்ட தெருக்களின்மேல் இன்றும் நடமாடுகிறது. கிழக்கு மேற்காக நேர்கோட்டில் ஓடும் ஸ்பக்கநாப்போலி, அதற்கு இணையான வியா தெய் திரிபுனாலி, இரண்டையும் வெட்டும் சந்துகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய வரைபடம் இதுவே. 1995 முதல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இருக்கிறது. திரிபுனாலித் தெருவில் பியோ மோந்தே தெல்லா மிசெரிகோர்தியா என்ற சிறு தேவாலயத்துக்குள் நுழைந்தால் பலிபீடத்துக்குமேல் கரவாஜ்ஜோவின் ‘ஏழு இரக்கச் செயல்கள்’ தொங்குகிறது. 1607-இல் எந்தச் சபைக்காக வரைந்தாரோ அந்தச் சபையிடமே இன்றும் இருக்கிறது. சில தெரு தள்ளி சான்செவேரோ சிற்றாலயத்தில் ஜுசெப்பே சான்மார்த்தீனோ 1753-இல் செதுக்கிய ‘திரையிட்ட கிறிஸ்து’. இறந்த உடல்மேல் போர்த்திய மெல்லிய துணியும் அதற்கடியில் தெரியும் நெற்றி நரம்பும் ஒரே பளிங்குக் கல்லில் வடித்தவை. முன்பதிவு இல்லாமல் போய் வரிசையில் நிற்க வேண்டாம், டிக்கெட் கிடைப்பது அரிது.

தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறதே, அதற்காக மட்டுமே நேப்பிள்ஸுக்குப் போகலாம். பொம்பெய், ஹெர்குலேனியம் ஊர்களில் தோண்டியெடுத்த ஓவியங்கள், மொசைக்குகள், வெண்கலச் சிலைகளில் சிறந்தவை இங்கேதான் இருக்கின்றன. அங்கே ‘இரகசிய அறை’ என்ற பிரிவில் ஒரு சாண் உயரமே உள்ள தந்தச் சிற்பம் ஒன்று இருக்கிறது. தமிழர்கள் தவறவிடக் கூடாதது. கைகால் நிறைய வளையும் தண்டையுமாக, இடையில் மேகலையோடு, நடுவே ஒரு பெண்ணும் இருபுறமும் இரு சிறுமியரும். இந்தியாவில் செதுக்கியது. 1938-இல் பொம்பெய் வீடு ஒன்றில் கிடைத்தபோது இலட்சுமி என்றார்கள். இன்று பல ஆய்வாளர்கள் இயக்கி, அதாவது யட்சி உருவம் என்கிறார்கள். உச்சந்தலையில் துளை இறங்குவதால் ஏதோ ஒரு பொருளின் காலாகவோ கைப்பிடியாகவோ இருந்திருக்க வேண்டும். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பல் மூடும்முன் அது அந்த வீட்டுக்கு வந்துவிட்டது என்பது மட்டும் உறுதி. மறுதிசையில், இந்தக் கம்பானியா வட்டாரத்தில் வனைந்த மது சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டிலும் கேரளத்துப் பட்டணத்திலும் அகழாய்வில் கிடைத்தன. மண்ணில் கலந்திருக்கும் கருப்பு எரிமலை மணலே ஊரைக் காட்டிக்கொடுத்தது. யவனர் கொண்டுவந்த தேறலைப் பற்றிச் சங்கப் புலவர் பாடியதைப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த அறையில் நிற்கும்போது சிலிர்க்கும்.

இவ்வளவுக்கும் பொம்பெய் பக்கம் நான் இன்னும் போகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சிக்கல் அங்கேதான். நேப்பிள்ஸ் வரை வந்துவிட்டுப் பொம்பெய் பார்க்காமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. சர்க்கும்வெசுவியானா ரயிலில் முக்கால் மணிக்கும் குறைவான பயணம்தான். ஆனால் ரயில் நெரிசல், நுழைவாயில் வரிசை, நிழலே இல்லாத கல்தெருக்களில் நான்கைந்து மணி நேர நடை எல்லாம் சேர்ந்து ஒரு நாள் முழுசாகப் போகும். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பும் பெயர் குறித்த டிக்கெட்டும் வந்துவிட்டன. இரண்டு முழு நாளில் ஒன்று இப்படிப் போனால், மற்ற ஒரு நாளில் அருங்காட்சியகமா தெருக்களா என்று பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். வெசுவியஸ் உச்சி, கப்ரி தீவு, போத்சுவோலி எல்லாம் கனவு. போத்சுவோலியை விடுவது எனக்கு வருத்தம் தரும். அலெக்சாந்திரியா வழியாகக் கிழக்குச் சரக்கு ரோமுக்கு வந்திறங்கிய துறைமுகம் அது. அங்குள்ள பழைய சந்தையின் பளிங்குத் தூண்களில் ஆளுயரத்துக்கு மேலே கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன. எரிமலை மூச்சுக்கேற்ப நிலம் கடலுக்குள் தாழ்ந்து மீண்டும் எழுந்ததற்குச் சாட்சி.

மூன்றே இரவுதான், ஆனாலும் நேப்பிள்ஸ்தான் என்று மனம் அடம்பிடித்தால் பொம்பெய்க்குப் பதில் ஹெர்குலேனியம் போங்கள். ரயிலில் 20 நிமிடம், நிலையத்திலிருந்து இறக்கத்தில் 10 நிமிட நடை. இடம் சிறியது, அரை நாளில் முடியும். இரண்டு மாடி வீடுகளும் கரியாகிப்போன மரக் கதவும் கட்டிலும் அங்கே பொம்பெய்யைவிட நன்றாக நிலைத்திருக்கின்றன. ரோமுக்கு எப்படியும் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: அதிவேக ரயிலில் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் ஒன்றேகால் மணி நேரம்தான், தனிப் பயணமாக வைக்காமல் ரோம் பயணத்தோடு இரண்டு நாளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வலெட்டா: ஒரு மணி நேரத்தில் குறுக்கே நடக்கலாம்

நேப்பிள்ஸுக்கு நேர் எதிர். 1565-இல் உதுமானியப் படையின் முற்றுகையைத் தாங்கி நின்ற வீரத்துறவிகள், அடுத்த ஆண்டே வெறும் பாறைமேட்டில் திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது. தலைவர் லா வலெட்டின் பெயரையே வைத்தார்கள். நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், அகலம் அதிலும் குறைவு. இரு புறமும் இயற்கைத் துறைமுகம், எந்தக் குறுக்குத் தெருவின் முனையில் நின்றாலும் கடல் தெரியும்.

உள்ளே பார்க்க வேண்டிய முதல் இடம் புனித யோவான் இணைப்பேராலயம். வெளிச்சுவர் மொட்டையாக, படைவீட்டுக் கட்டடம் போல இருக்கும். உள்ளே ஒரு அங்குலம் விடாமல் பொன்வேலை. தரை முழுக்க வீரத்துறவிகளின் கல்லறைப் பலகைகள், சுமார் 400, வண்ணப் பளிங்கில் எலும்புக்கூடும் குலச்சின்னமும் பதித்தவை. குதிகால் கூர்மையான செருப்போடு போனால் தரை கெடும் என்று உள்ளே விட மாட்டார்கள். பக்கவாட்டுச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோ 1608-இல் வரைந்த ‘யோவானின் தலை வெட்டு’. அவர் வரைந்தவற்றில் மிகப் பெரியது, கையெழுத்திட்டது இது ஒன்றே. கீழே வழியும் இரத்தத்திலேயே பெயரை எழுதியிருக்கிறார். கொலைப்பழியோடு அலைந்த ஒருவர் அப்படிக் கையெழுத்திட்டதை நேரில் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஊரைவிட்டு வெளியே போக மனம் இருந்தால் படகில் எதிர்க்கரைக்குப் போய் பிர்கு என்ற பழைய ஊரின் சந்துகளில் நடக்கலாம். முற்றுகையை உண்மையில் தாங்கிய ஊர் அதுதான். பேருந்தில் தீவின் பழைய தலைநகரான எம்தினா போகலாம். இவற்றைவிட மேலானது பாவ்லா என்ற பக்கத்து ஊரில் நிலத்தடியில் இருக்கும் ஹால் சாஃப்லியெனி ஹைப்போஜியம். ஐயாயிரம் ஆண்டுக்கு முன் பாறையைக் குடைந்து மூன்றடுக்காக அமைத்த ஈமக்கூடம், எகிப்தியப் பிரமிடுகளுக்கும் மூத்தது. மூச்சுக்காற்றின் ஈரம் பட்டுச் சிவப்புக் காவி ஓவியங்கள் அழியக்கூடாது என்பதற்காக ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் அனுமதிக்கிறார்கள்.

மொழிச் சிக்கல் அறவே இல்லை. ஆங்கிலமும் மால்ட்டாவில் ஆட்சிமொழி. வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன, மின்செருகி லண்டனில் உள்ளது போல மூன்று முனை. விமான நிலையத்திலிருந்து பேருந்தில் அரைமணி நேரம். பாதுகாப்பு பற்றிக் கவலை குறைவு. வயதான பெற்றோரையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதெல்லாம் பெரிய ஆறுதல்.

ஒரு எச்சரிக்கை மட்டும். முதுகுபோல உயர்ந்த நடுத்தெரு சமதளம். அதிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் தெருக்கள் பல வெறும் படிக்கட்டுகள். மேல் பாரக்கா தோட்டத்திலிருந்து படகுத்துறைப் பக்கம் இறங்க 58 மீட்டர் உயர லிஃப்ட் உண்டு, ஆனால் தங்குமிடம் படிக்கட்டுத் தெருவில் அமைந்துவிட்டால் முழங்கால் வலிக்காரர்கள் திண்டாடுவார்கள். அறை எடுக்கும்போது தெருவின் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வலெட்டாவில் குறை என்று நான் உணர்வது ஒன்றுதான்: அன்றாட வாழ்க்கையின் சத்தம் குறைவு. மதிலுக்குள் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். பகலில் அலுவலகங்களும் பயணிகளும் நிரப்புகிறார்கள். இரவு உணவகத் தெருக்கள் தவிர மற்றவை அடங்கிவிடும். அமைதி தேடுகிறவருக்கு இது வரம். ஊரோடு கலந்து நடமாட விரும்புகிறவருக்கு இரண்டாம் நாள் மாலையே முடிந்துவிட்டதுபோல இருக்கும்.

பலெர்மோ: எல்லாம் நடந்துபோகும் தூரத்தில்

பலெர்மோவை 831 முதல் 1072 வரை அரபியர் ஆண்டார்கள். பிறகு வடக்குப் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் அவர்களை ஒழித்துக்கட்டாமல் அவர்களின் கைவினைஞர்களையும் கணக்கர்களையும் வைத்துக்கொண்டே அரசு நடத்தினார்கள். 1130-இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் தன் அரண்மனைக்குள் கட்டிய கப்பெல்லா பலத்தீனா என்ற சிற்றாலயம்தான் இந்த ஊருக்குப் போக முதற்காரணம். முடிந்தால் காலை திறந்ததும் முதல் ஆட்களாக நுழையுங்கள். சுவரெங்கும் பொன்பின்னணியில் பைசாந்திய மொசைக். குவிமாடத்தில் கிறிஸ்து, சுற்றிலும் கிரேக்க எழுத்து. தரையில் வண்ணப் பளிங்குக் கோலம். இதுவரை எல்லாரும் பார்ப்பது. கழுத்தை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து நடுக்கூடத்தின் மரக்கூரையைப் பாருங்கள்: தேன்கூட்டைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல அடுக்கடுக்காக இறங்கும் அரபு வேலைப்பாடு, அதன் ஒவ்வொரு குழிவிலும் சின்னச் சின்ன ஓவியம். சதுரங்கம் ஆடுகிறார்கள், வீணைபோன்ற கருவி மீட்டுகிறார்கள், கோப்பையோடு அமர்ந்திருக்கிறார்கள், ஒட்டகம் போகிறது. கிறிஸ்தவ அரசரின் கோவிலுக்கு இசுலாமியக் கலைஞர் கூரை வேய்ந்து, கிரேக்கர் சுவர் வேய்ந்திருக்கிறார்கள். வெறும் கண்ணுக்குக் கூரையின் விவரம் பிடிபடாது. சின்ன தொலைநோக்கி ஒன்று எடுத்துப் போனால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

அங்கிருந்து கிழக்கே இறங்கினால் சில நிமிடத்தில் பேராலயம். தெற்கு வாசல் மண்டபத்தின் இடப்பக்கத் தூணில் குர்ஆன் வசனம் அரபு எழுத்தில் பொறித்திருப்பதைப் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். உள்ளே ரோஜரின் கல்லறையும் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் கல்லறையும் செந்நிறப் பாறையில். இன்னும் பத்து நிமிடம் நடந்தால் குவாத்ரோ காந்தி நாற்சந்தி. மூலைக்கு மூலை சிலைகள் அடுக்கிய நான்கு முகப்புகள். அதையடுத்து மார்த்தொரானா தேவாலயம், ரோஜரின் கடற்படைத் தலைவர் அந்தியோக்கியா ஜார்ஜ் கட்டியது. கிறிஸ்துவே ரோஜருக்கு முடிசூட்டும் மொசைக் அங்கே இருக்கிறது. இத்தனைக்கும் பேருந்து வேண்டாம், டாக்சி வேண்டாம், ஏற்றமும் இல்லை. பழைய நகரம் ஏறக்குறையச் சமதளம், முக்கியத் தெருக்களில் பெரும்பகுதி நடப்பவர்களுக்கே விட்டிருக்கிறார்கள். மூன்று ஊர்களில் முழங்காலுக்கு நல்லது இதுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

நேரம் இருந்தால் சீசா என்ற நார்மானியக் கோடை மாளிகைக்கும் போங்கள். அங்குள்ள காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல்: அன்னா என்ற தாய்க்கு அவர் மகன் கிரிசாந்தோ என்ற குருவானவர் 1149-இல் வைத்தது. இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என நான்காக அதே செய்தி, ஒவ்வொன்றிலும் அவரவர் ஆண்டுக்கணக்கு. தெருவில் போகும் யார் வந்து படித்தாலும் என் தாய் யார் என்று தெரியட்டும் என்று ஒரு மகன் நினைத்திருக்கிறான். அந்தக் காலப் பலெர்மோவை இதைவிடத் தெளிவாக எந்த வழிகாட்டியும் விளக்கிவிட முடியாது.

நகருக்கு வெளியே போக வேண்டியது ஒன்றே ஒன்று: மொன்றியாலே. இந்திப்பெந்தென்சா சதுக்கத்திலிருந்து 389-ஆம் எண் பேருந்து மலையேறுகிறது, தொலைவு எட்டு கிலோமீட்டர் இருக்கும். அந்தப் பேராலயத்தின் உட்சுவரில் ஆறாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மொசைக். படைப்பு தொடங்கிப் பழைய ஏற்பாட்டுக் கதைகள் வரிசையாக ஓடும். நோவாவின் பேழையும் பாபேல் கோபுரமும் பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியும். பக்கத்து மடத்து முற்றத்தில் இரட்டை இரட்டையாக நிற்கும் சிறுதூண்களின் தலைப்பு வேலையில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. போக, பார்க்க, திரும்ப எல்லாம் சேர்த்து அரை நாள்.

பலெர்மோவில் தமிழ்க் குரல் காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம். போர்க்காலத்தில் வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் கணிசமாக வாழும் ஊர் இது. ஊரின் காவல் புனிதையான ரொசாலியாவின் குகைக்கோவில் பெல்லெகிரீனோ மலைமேல் இருக்கிறது. 1624-இல் கொள்ளைநோய் தாக்கியபோது அவர் எலும்புகளைக் கண்டெடுத்து ஊர்வலமாகக் கொண்டுவந்ததால் நோய் நீங்கியது என்பது பலெர்மோ மக்களின் நம்பிக்கை. அந்தக் குகைக்கு இன்று சைவத் தமிழர்களும் நேர்த்திக்கடன் வைத்து மலையேறுகிறார்கள். ஜூலை 14 இரவு புனிதையின் சிலையோடு கப்பல் வடிவத் தேர் பழைய நகரத்தின் நெடுந்தெரு வழியே கடற்கரைக்குப் போகும், நள்ளிரவில் வாணவேடிக்கை. வெயிலைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் அந்த நாளுக்கென்றே பயணத்தை வைக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விமான நிலையம் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், நகருக்கு ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும். குப்பை அள்ளாத தெருமுனைகள் கண்ணில் படும். 1943 குண்டுவீச்சில் இடிந்து அப்படியே நிற்கும் மனைகள் இன்னும் உண்டு. வுச்சிரியாச் சந்தைப் பகுதியில் அறை எடுத்தால் வார இறுதி இரவுகளில் விடிய விடிய இரைச்சல். பின்பாக்கெட்டில் பணப்பை வைக்காதீர்கள் என்ற அறிவுரை பலெர்மோவுக்கும் நேப்பிள்ஸுக்கும் பொது. கரவாஜ்ஜோவின் ஓவியமும் இங்கே இல்லை: சான் லொரென்சோ சிற்றாலயத்திலிருந்து 1969-இல் திருடினார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது தொங்குவது நகல். அப்படியிருந்தும் ஜாக்கொமோ செர்போத்தாவின் வெண்சுதைச் சிற்பங்களுக்காக அங்கே போகத்தான் வேண்டும்.

சாப்பாடு

மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு மூன்று ஊரிலும் பட்டினி இல்லை. நேப்பிள்ஸில் மார்கெரீத்தாவும், பாலாடைக்கட்டியே இல்லாமல் தக்காளி, பூண்டு, ஒரிகானோ மட்டும் போட்ட மரினாராவும் பீட்சாவின் மூல வடிவங்கள்; அங்குள்ள பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். வலெட்டாவில் ரிக்கொத்தாப் பாலாடைக்கட்டியோ பட்டாணியோ வைத்துச் சுட்ட பஸ்தித்சி மலிவு, வயிறும் நிறையும். மேல்மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கமும் உண்டு என்பதால் கேட்டு வாங்குவது நல்லது.

தெருத்தீனிக்குப் பலெர்மோவை மிஞ்ச ஆளில்லை. பல்லரோ சந்தையில் பனெல்லே போடும் தள்ளுவண்டி முன் நின்று பாருங்கள். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரும் உப்பும் சேர்த்து அடிபிடிக்காமல் கிண்டி, பார்ஸ்லி தூவி, பலகையில் மெல்லிசாக இழுத்து ஆறவிட்டு, துண்டு போட்டு எண்ணெயில் பொரிக்கிறார்கள். எள் தூவிய பன்னுக்குள் நாலைந்தை அடுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்து கையில் தருவார்கள். கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைத்த கப்பொனாத்தாவும் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். வெண்ணெய் அரன்சீனா என்று பெயர் இருந்தாலும் அந்தச் சோற்று உருண்டைக்குள் பெரும்பாலும் ஹாம் இருக்கும். சிபிஞ்சோனே ரொட்டியில் நெத்திலி இருக்கும். பெயரை நம்பாமல் கேளுங்கள்.

கிழமையும் மாதமும்

இதைப் பலர் யோசிப்பதில்லை, குறும்பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கிழமைதான். நேப்பிள்ஸின் தொல்லியல் அருங்காட்சியகமும் சான்செவேரோ சிற்றாலயமும் செவ்வாய்க்கிழமை மூடும். வலெட்டாவின் இணைப்பேராலயத்துக்கு ஞாயிறன்று பார்வையாளர்களை விடுவதில்லை. பலெர்மோவின் கப்பெல்லா பலத்தீனாவில் ஞாயிறு காலை திருப்பலிக்காக இடையே மூடிவிடுவார்கள். ஆகவே வெள்ளி முதல் திங்கள் வரை என்றால் வலெட்டாவில் சனியன்றே பேராலயத்தை முடித்துவிட்டு ஞாயிற்றைப் படகுக்கும் பிர்குவுக்கும் வையுங்கள். பலெர்மோவில் சனி காலை அரண்மனை, மாலை பல்லரோ. ஞாயிறு பிற்பகல் மொன்றியாலே. மாதத்தின் முதல் ஞாயிறு இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம், பொம்பெய்க்கும் சேர்த்துத்தான். மிச்சமாகும் பணத்தைவிட நெரிசல் அதிகம் என்பதால் நான் தவிர்த்துவிடுவேன்.

ஏப்ரல், மே, அக்டோபர் மூன்றும் எந்த ஊருக்கும் ஏற்றவை. ஆகஸ்டில் சிசிலிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வீசும் சிரோக்கோ காற்று அனலைக் கொட்டும், ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிக் குடும்பக் கடைகள் பல மூடிக் கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் விடுப்பு கிடைக்கிறவர்களுக்கு வலெட்டாவைச் சொல்வேன்: மழை பெய்தாலும் அடுத்த கட்டடத்துக்குள் நுழைய இரண்டு நிமிடம்தான், அலைச்சல் இல்லை.

விசா, விமானம், முன்பதிவு

மூன்றும் ஷெங்கன் எல்லைக்குள், மூன்றிலும் யூரோ. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கிவிட்டதால் பிரித்தானிய, கனடியக் கடவுச்சீட்டுக்காரர்களும் வந்திறங்கியதும் ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக வைத்துத் திட்டமிடுங்கள். லண்டனிலிருந்து மூன்று ஊருக்கும் மலிவு விமானங்கள் உண்டு. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கிளம்புகிறவர்கள் வழியில் மாறித்தான் வர வேண்டும். அவ்வளவு தொலைவிலிருந்து ஒரு ஊருக்காக மட்டும் வராமல் நேப்பிள்ஸையும் பலெர்மோவையும் இணைத்துக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் இடையே இரவுக் கப்பல் ஓடுகிறது, மாலை ஏறினால் காலை இறங்கலாம். ரயிலும் உண்டு, மெசீனா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரை சேர்ப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் கண்கொட்டாமல் ஜன்னலோரம் நிற்பார்கள்.

முன்பதிவு வரிசையும் ஊருக்கு ஊர் மாறும். பலெர்மோவுக்கு விமானத்தையும் அறையையும் முதலில் போட்டுவிட்டு, கப்பெல்லா பலத்தீனா டிக்கெட்டை ஒரு வாரம் முன்னால் எடுத்தால் போதும். அறை குவாத்ரோ காந்திக்கும் பேராலயத்துக்கும் நடுவே இருக்கட்டும். நேப்பிள்ஸுக்குச் சான்செவேரோவையும் பொம்பெய்யையும் அறையோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். வலெட்டா என்று முடிவானால் விமான டிக்கெட்டுக்குக் கை நீட்டும்முன் ஹைப்போஜியத்தில் எந்தத் தேதிக்கு இடம் இருக்கிறது என்று பாருங்கள். பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். இடம் கிடைக்கும் தேதிக்கு விடுப்பை மாற்றிக்கொள்ள முடியுமா என்று அலுவலகத்தில் கேட்பதே முதல் வேலை.